சிரோசிஸ் உள்ள கல்லீரலில் புற்றுநோய்: அறுவை சிகிச்சையின் விளைவை முன்கூட்டிக் கணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லீரலில் இருப்பது ஒரே கட்டி. அதை வெட்டி எடுக்கலாமா என்று முடிவு செய்ய ஏன் இத்தனை பரிசோதனைகள்?

கட்டி ஒன்றுதான், நோய் இரண்டு. கல்லீரலிலேயே தோன்றும் புற்றுநோய்களில் மிகப் பரவலானது ஹெபடோசெல்லுலார் கார்சினோமா. இந்தப் புற்றுநோய் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கல்லீரல் கெட்டுப்போகத் தொடங்கியிருக்கும். ஹெபடைடிஸ் பி அல்லது சி வைரஸ், மது, கொழுப்பு படிந்த கல்லீரல் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று கல்லீரலைத் தொடர்ந்து காயப்படுத்த, ஆறிய இடமெல்லாம் தழும்பேறி, மென்மையாக இருந்த உறுப்பு முடிச்சு முடிச்சாக இறுகிவிடுகிறது. இதைத்தான் சிரோசிஸ் அல்லது கல்லீரல் சுருக்கம் என்கிறோம்.

நல்ல கல்லீரலில் முக்கால் பங்கு வரை வெட்டி எடுத்தாலும் மிச்சமிருப்பது தாக்குப்பிடிக்கும். சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய அளவுக்கு வளர்ந்தும்விடும். சிரோசிஸ் வந்த கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு. ஆகவே அறுவை மருத்துவரின் கவலை வெட்டி எடுக்கப்போகும் கட்டியைவிட, உள்ளே விட்டுவைக்கப்போகும் கல்லீரலைப் பற்றியே அதிகம். பின்வரும் பரிசோதனைகளில் பெரும்பாலானவை அந்த மிச்சக் கல்லீரலைப் பற்றியவை. இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

'விளைவு' என்று மருத்துவர்கள் எதைக் குறிப்பிடுகிறார்கள்?

மூன்று வெவ்வேறு கேள்விகள் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. நோயாளி அறுவை சிகிச்சையைத் தாண்டி உயிருடன் வீடு திரும்புவாரா என்பது முதலாவது. மிச்சமிருக்கும் கல்லீரல் அடுத்த சில மாதங்களில் செயலிழந்து, மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர் கோத்தல், சுயநினைவு தடுமாறுதல் ஆகியவற்றில் கொண்டுபோய் விடுமா என்பது இரண்டாவது. புற்றுநோய் திரும்பி வருமா, எத்தனை ஆண்டுகள் வாழலாம் என்பது மூன்றாவது.

குடும்பத்தார் "ஆபரேஷன் நல்லபடியாக முடியுமா?" என்று கேட்கும்போது பெரும்பாலும் முதல் கேள்வியை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள், மருத்துவர் இரண்டாவதையோ மூன்றாவதையோ மனத்தில் வைத்துப் பதில் சொல்கிறார். பின்னால் எழும் மனவருத்தங்களில் பல இந்த இடைவெளியில் பிறந்தவை என்பது என் கருத்து. ஒரு கேள்விக்கு உதவும் அளவுகோல் இன்னொன்றுக்கு உதவாது. கட்டியின் அளவைக் கொண்டு கல்லீரல் தாங்குமா என்று சொல்ல முடியாது; இரத்தத்தில் ஏறினால் மஞ்சள் காமாலையாகத் தெரியும் பிலிரூபின் என்ற நிறமியைக் கொண்டு மட்டும் புற்றுநோய் திரும்புமா என்று சொல்ல முடியாது.

மருத்துவமனை தரும் உயிரிழப்பு விகிதம் 30 நாள் கணக்கா, 90 நாள் கணக்கா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லீரல் செயலிழப்பு மெல்ல மெல்லக் கொல்லும் ஒன்று என்பதால், 30 நாள் கணக்கில் தப்பிவிடும் மரணங்கள் 90 நாள் கணக்கில் தெரியவரும்.

சைல்டு-பியூ மதிப்பெண் என்பது என்ன?

கல்லீரலின் நிலையை மதிப்பிடும் அளவுகோல்களில் மிகப் பழையதும் இன்றும் முதலில் பார்க்கப்படுவதும் இதுதான். சைல்டு, டர்கோட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் இருவர் 1964-ல் இதன் முதல் வடிவத்தை முன்வைத்தார்கள். அதில் ஊட்டநிலை என்றொரு கூறு இருந்தது. 1973-ல் பியூவும் அவருடைய சகாக்களும் அதை நீக்கிவிட்டு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சேர்த்தார்கள். இரண்டு குழுக்களுமே சிரோசிஸ் நோயாளிகளின் இரத்தக்கசிவுக்கான அறுவை சிகிச்சைகளை மனத்தில் வைத்துத்தான் இதை உருவாக்கின. புற்றுநோய்க்காகக் கல்லீரலை வெட்டுவதற்கென்று இது உருவாகவில்லை.

பிலிரூபின், கல்லீரல் உருவாக்கும் புரதமான அல்புமின், இரத்த உறைவைக் காட்டும் ஐ.என்.ஆர்., வயிற்று நீர், கல்லீரல் கெட்டதால் வரும் மூளை மந்தம் ஆகிய ஐந்துக்கும் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் தரப்படும். கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் 'ஏ', 7 முதல் 9 வரை 'பி', 10 முதல் 15 வரை 'சி'. பொதுவாகக் கல்லீரலை வெட்டும் அறுவை சிகிச்சை 'ஏ' பிரிவினருக்கே பரிந்துரைக்கப்படுகிறது. 'பி'யில் மிகத் தேர்ந்தெடுத்த சிலருக்குச் சிறிய வெட்டு செய்யப்படுவதுண்டு. 'சி' பிரிவில் கல்லீரலை வெட்டுவது நன்மையைவிடத் தீங்கையே செய்யும்.

'ஏ' பிரிவு என்று எழுதிவிட்டு, அதன் பிறகும் மருத்துவர் தயங்குகிறாரே, ஏன்?

இந்தத் தயக்கம் நியாயமானது. 'ஏ' என்பது ஒரே தரமான நோயாளிகளின் கூட்டமன்று. அதற்குள் நல்ல கல்லீரலுக்கு மிக அருகில் இருப்பவரும் உண்டு, விளிம்பில் நிற்பவரும் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவருக்கு பிலிரூபின் 0.8 மி.கி., அல்புமின் 4.2 கிராம். இன்னொருவருக்கு பிலிரூபின் 1.8, அல்புமின் 3.6. (இவை டெசிலிட்டர் கணக்கு.) இருவருக்கும் வயிற்று நீர் இல்லை, மூளை மந்தம் இல்லை, ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறது. சைல்டு-பியூ முறையில் பிலிரூபின் 2-க்குக் கீழும் அல்புமின் 3.5-க்கு மேலும் இருந்தால் தலா ஒரே மதிப்பெண் என்பதால், இருவருக்கும் ஐந்துதான். ஆனால் இரண்டு கல்லீரல்களும் ஒன்றல்ல என்பது இரத்த அறிக்கையைப் பார்த்தவுடனேயே தெரிகிறது.

இந்தக் குறையை ஈடுசெய்ய 2015-ல் வெளியானது ஆல்பி தரம். வயிற்று நீர் எவ்வளவு, மந்தம் எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டு, பிலிரூபின், அல்புமின் இரண்டை மட்டும் ஒரு சூத்திரத்தில் இட்டுக் கணக்கிடுவது அது. விடை மைனஸ் 2.60 அல்லது அதற்குக் கீழ் என்றால் முதல் தரம், மைனஸ் 1.39-க்கு மேல் என்றால் மூன்றாம் தரம். இடைப்பட்டது இரண்டாம் தரம். மேலே சொன்ன முதல் நபருக்கு விடை ஏறத்தாழ மைனஸ் 2.8, அதாவது முதல் தரம். இரண்டாமவருக்கு ஏறத்தாழ மைனஸ் 2.1, அதாவது இரண்டாம் தரம். சைல்டு-பியூ ஒரே தட்டில் வைத்த இருவரை ஆல்பி பிரித்துக் காட்டிவிடுகிறது.

ஆனால் தயக்கத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் பெரும்பாலும் கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் அழுத்தம்தான்.

கல்லீரலுக்குள் அழுத்தம் அதிகம் என்கிறார்கள். அது ஏன் இவ்வளவு முக்கியம்?

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் இரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. தழும்பேறி இறுகிய கல்லீரல் அந்த ஓட்டத்துக்கு அணைபோல் நிற்க, பின்னால் அழுத்தம் ஏறுகிறது. இரத்தம் மாற்று வழி தேடி உணவுக்குழாய்ச் சிரைகளைப் புடைக்கச் செய்கிறது. மண்ணீரல் வீங்கி இரத்தத் தட்டணுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. இந்த நிலையில் கல்லீரலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால், முன்பு முழுக் கல்லீரல் வழியே போன இரத்தம் அனைத்தும் மிச்சமிருக்கும் சிறு பகுதி வழியே போயாக வேண்டும். ஏற்கெனவே உயர்ந்த அழுத்தம் மேலும் உயரும். வயிற்றில் நீர் கோத்தலும் இரத்தக்கசிவும் கல்லீரல் செயலிழப்பும் இந்த வழியில் வருகின்றன.

அழுத்தத்தை நேரடியாக அளக்கக் கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைக் கல்லீரல் சிரைவரை செலுத்தி, அடைத்த நிலையிலும் அடைக்காத நிலையிலும் அழுத்தத்தைப் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிடுவார்கள். இயல்பாக அது 5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகாது. 10-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய உயர் அழுத்தம். பார்சிலோனா குழு ஒன்று 1996-ல் வெளியிட்ட ஆய்வில், சைல்டு 'ஏ' நோயாளிகளிடையே கூட, அறுவைக்குப் பின் கல்லீரல் நிலைகுலைந்து மீளாமல் போனவர்களைச் சரியாகப் பிரித்துக் காட்டியது இந்த 10 என்ற எல்லைதான். அதே குழு 1999-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், உயர் அழுத்தம் இல்லாதவர்களில் அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் உயிர்வாழ்ந்தவர்கள் 74 சதவீதம். உயர் அழுத்தம் மட்டும் இருந்தவர்களில் 50 சதவீதம். உயர் அழுத்தத்தோடு பிலிரூபினும் 1 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 25 சதவீதம். பிலிரூபின் 1 என்பதை ஆய்வகம் பெரும்பாலும் 'இயல்பு' என்றே அச்சிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த எண்களின் கனம் புரியும். அந்த எண்கள் கால் நூற்றாண்டுக்கு முந்தைய அறுவை முறைகளைச் சார்ந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லா இடங்களிலும் குழாய் செலுத்தி அளப்பதில்லை. எண்டோஸ்கோபியில் புடைத்த சிரைகள் தென்பட்டாலோ, மண்ணீரல் வீக்கத்துடன் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தாலோ உயர் அழுத்தம் இருப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். கல்லீரலின் இறுக்கத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஃபைப்ரோஸ்கேனும் உதவுகிறது. இறுக்கம் 15 கிலோபாஸ்கல் அல்லது அதற்குக் கீழ் இருந்து, தட்டணுக்களும் ஒன்றரை லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், கவனிக்க வேண்டிய அளவில் உயர் அழுத்தம் இல்லை என்று கொள்ளலாம். வைரஸ் அல்லது மதுவால் வந்த நோயில் 25-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ இருக்கிறது என்று கொள்ளலாம். இடைப்பட்டவர்களுக்கு வேறு சோதனைகள் தேவைப்படும். அளக்கும்போது கட்டி இருக்கும் இடத்தைத் தவிர்த்தே அளக்க வேண்டும்.

உயர் அழுத்தம் இருந்தாலே அறுவை சிகிச்சை கூடாது என்ற பழைய கண்டிப்பு இப்போது தளர்ந்திருக்கிறது. அழுத்தம், வெட்டும் அளவு, மெல்டு மதிப்பெண் (அடுத்த கேள்வியில் விளக்கப்படுகிறது) ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய போக்கு. உயர் அழுத்தம் இல்லாதவருக்குச் சிறிய வெட்டு என்றால் கல்லீரல் நிலைகுலையும் வாய்ப்பு மிகக் குறைவு. உயர் அழுத்தம் இருந்தாலும் சிறிய வெட்டாகவும் மெல்டு 9-க்கு மிகாமலும் இருந்தால் நடுத்தர ஆபத்து. உயர் அழுத்தம் உள்ளவருக்கு கல்லீரலின் எட்டுப் பகுதிகளில் மூன்றையோ அதற்கு மேலோ எடுக்கும் பெரிய வெட்டு என்றால் மிக அதிக ஆபத்து.

மெல்டு மதிப்பெண் என்பது என்ன?

பிலிரூபின், ஐ.என்.ஆர்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் கொண்டு கணக்கிடப்படுவது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2000-ல் வேறொரு சிகிச்சைக்காக இதை உருவாக்கினார்கள். 2002 முதல் அங்கே மாற்றுக் கல்லீரலுக்குக் காத்திருப்போரின் வரிசையை இதுவே தீர்மானித்தது. பின்னர் சோடியமும், அதற்கும் பின்னர் பாலினமும் அல்புமினும் கணக்கில் சேர்ந்தன. மதிப்பெண் 6-ல் தொடங்கி 40 வரை போகும். கல்லீரலை வெட்டத் தகுதியுள்ளவர்கள் பெரும்பாலும் 6-க்கும் 10-க்கும் நடுவே குவிந்திருப்பார்கள் என்பதால், கடுமையாக நோயுற்றவர்களை வரிசைப்படுத்துவதில் இது காட்டும் கூர்மையை இவர்களிடையே எதிர்பார்க்கக் கூடாது. இங்கே ஒரு மதிப்பெண் கூடுவதும் குறைவதும் பொருளுள்ளவைதான். ஆனால் அதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

பச்சைச் சாயம் செலுத்திச் செய்யும் சோதனை எதற்கு?

இண்டோசயனைன் கிரீன் என்ற சாயத்தைச் சிரையில் செலுத்தினால், அதைக் கல்லீரல் மட்டுமே இரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தநீரில் வெளியேற்றும். 15 நிமிடம் கழித்து எத்தனை சதவீதம் இரத்தத்திலேயே தங்கியிருக்கிறது என்று பார்த்தால் கல்லீரலின் உழைப்பு தெரிந்துவிடும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

ஜப்பானிய அறுவை மருத்துவர் மக்குச்சி இதைக் கொண்டு ஒரு தெளிவான படிநிலையை வகுத்தார். வயிற்று நீர் இல்லாமல், பிலிரூபினும் இயல்பாக இருப்பவருக்குச் சாயம் 10 சதவீதத்துக்குள் என்றால் வலப்பக்கக் கல்லீரல் முழுவதையும் எடுக்கலாம். 10 முதல் 19 வரை என்றால் இடப்பக்கத்தை அல்லது வலப்பக்கத்தின் ஒரு கூறை. 20 முதல் 29 வரை என்றால் கல்லீரலின் எட்டுப் பகுதிகளில் ஒன்றை மட்டும். அதற்கு மேல் என்றால் கட்டியை ஒட்டிய சிறு வெட்டு மட்டும். பிலிரூபின் 2 மி.கி.யை எட்டினாலோ, மருந்துக்கு அடங்காத வயிற்று நீர் இருந்தாலோ கத்தியை எடுக்கவே வேண்டாம். 'வெட்டலாமா' என்று மட்டும் கேட்காமல் 'எவ்வளவு வெட்டலாம்' என்று கேட்கக் கற்றுக்கொடுத்தது இந்த முறையின் பெருமை.

எவ்வளவு கல்லீரல் மிச்சமிருக்க வேண்டும்? அதை எப்படி அளக்கிறார்கள்?

சி.டி. ஸ்கேன் படங்களில் கல்லீரலின் கன அளவைக் கணினி கொண்டு அளந்து, கட்டியின் அளவைக் கழித்துவிட்டு, மிச்சமிருக்கப்போகும் பகுதி எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவார்கள். நல்ல கல்லீரலுக்கு 20 முதல் 25 சதவீதம் போதும். நீண்ட கீமோதெரபி பெற்ற கல்லீரலுக்கு 30. சிரோசிஸ் உள்ள கல்லீரலுக்கு 40 வேண்டும். 1,500 மி.லி. கல்லீரலில் வலப்பக்கத்தை எடுத்தபின் 450 மி.லி. மிச்சம் என்றால் அது 30 சதவீதம். நல்ல கல்லீரல் உள்ளவருக்கு இது தாராளம். சிரோசிஸ் உள்ளவருக்கு 150 மி.லி. பற்றாக்குறை.

பற்றாக்குறை இருந்தால், எடுக்கப்போகும் பக்கத்துக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக் கிளையை ஊசி வழியாக அடைத்துவிட்டுச் சில வாரங்கள் காத்திருப்பார்கள். இரத்தம் மறுபக்கம் திரும்புவதால் அந்தப் பக்கம் வளரும். நான்கு முதல் ஆறு வாரங்களில் மீண்டும் அளப்பார்கள். இதை வெறும் தயாரிப்பாக மட்டும் பார்க்கக் கூடாது. வளரும்படி தூண்டியும் வளராத கல்லீரல், வெட்டிய பின்னரும் வளராது. ஆகவே இந்தக் காத்திருப்பே ஒரு சோதனை, என் மதிப்பில் மற்ற பல சோதனைகளைவிட உண்மையான சோதனை. "புற்றுநோயை வைத்துக்கொண்டு ஏன் காலம் கடத்துகிறார்கள்?" என்று குடும்பத்தார் பதறுவது இயல்புதான். ஆனால் அந்த வாரங்களில் கிடைக்கும் விடை, மேசையில் படுத்த பிறகு வேறெந்த வழியிலும் கிடைக்காது.

எண்கள் தவறாக வழிகாட்டும் சந்தர்ப்பங்கள் உண்டா?

உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இதயநோய்க்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்பவருக்கு ஐ.என்.ஆர். உயர்ந்திருப்பது மருந்தால்தான், கல்லீரலால் அன்று. ஆனால் சைல்டு-பியூவும் மெல்டும் அந்த வேறுபாட்டை அறியா. கில்பர்ட் என்னும் தீங்கற்ற பிறவிக் குறைபாடு உள்ளவருக்கு எப்போதும் பிலிரூபின் சற்று உயர்ந்தே இருக்கும். கட்டி பித்தநாளத்தை அடைத்திருந்தால், அடைப்பை நீக்கும்வரை பிலிரூபினையும் சாய சோதனையையும் கொண்டு கல்லீரலின் திறனை அளக்க முடியாது. மறுபுறம், உடல் மெலிந்து தசை கரைந்தவருக்குக் கிரியாட்டினின் குறைவாகக் காட்டும். சிறுநீரகம் நலிந்திருந்தாலும் மெல்டு மதிப்பெண் நல்லதாகத் தோன்றும். பெண்களுக்கு இது அதிகம் நிகழ்ந்ததால்தான் புதிய மெல்டில் பாலினம் சேர்க்கப்பட்டது. அல்புமினைச் சிரை வழியாக ஏற்றிய மறுநாள் எடுத்த அல்புமின் அளவும், நீர்மாத்திரைகளால் வற்றவைத்த வயிற்று நீரும் இதே வகையைச் சேர்ந்தவை. ஆகவே என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள், அண்மையில் என்ன ஏற்றப்பட்டது என்பதை ஒன்றுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வயது அதிகம் என்பதாலேயே மறுத்துவிடுவார்களா?

வயது மட்டும் காரணமாகாது. நடக்கும் வேகம், கைப்பிடியின் வலு, ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் தெரியும் தசையின் அளவு ஆகியவை பிறந்த ஆண்டைவிட நன்றாக உடலின் தாங்கும் திறனைச் சொல்கின்றன. சிரோசிஸ் தசையைத் தின்னும் நோய். வயிற்று நீரால் எடை கூடியிருப்பவர் உள்ளுக்குள் மெலிந்திருக்கலாம் என்பதால் எடைபார்க்கும் கருவியை இதில் நம்ப முடியாது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், நீரிழிவு ஆகியவற்றின் நிலையும் கணக்கில் சேரும்.

சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் செய்தால் விளைவு மேம்படுமா?

சிரோசிஸ் உள்ளவர்களுக்கு, சிறிய வெட்டாகவும் கட்டி எட்டும் இடத்திலும் இருந்தால், ஆம். வயிற்றுச்சுவரில் பெரிய கீறல் இல்லாததால் அங்கே உருவாகியிருக்கும் மாற்று இரத்த வழிகள் அறுபடாமல் தப்புகின்றன. அறுவைக்குப் பின் வயிற்றில் நீர் கோப்பது குறைகிறது. இரத்த இழப்பும் பெரும்பாலும் குறைவு. எந்த முறையாயினும், அறுவையின்போது எவ்வளவு இரத்தம் போனது, இரத்தம் ஏற்ற நேர்ந்ததா என்பவை முன்கணிப்புகளைத் தலைகீழாக்கக் கூடியவை. மேசைக்குப் போகுமுன் போட்ட கணக்கு எதுவும் இதை முழுமையாக அறியாது.

புற்றுநோய் திரும்பி வருமா என்பதை முன்பே சொல்ல முடியுமா?

ஓரளவுக்குத்தான். கல்லீரலை வெட்டியபின் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 70 சதவீதத்தினருக்குப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டுகிறது. இதைச் சொல்லாமல் மறைப்பது அன்பாகாது.

மீண்டும் வருவது இரண்டு வகை. முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து ஏற்கெனவே சிதறியிருந்த விதை. கட்டி பெரிதாக இருத்தல், பல கட்டிகள், இந்தப் புற்றுநோயைக் காட்டும் ஆல்ஃபா ஃபீட்டோ புரதம் இரத்தத்தில் மிக உயர்ந்திருத்தல், நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குள் புற்றணுக்கள் புகுந்திருத்தல் ஆகியவை இதைக் கணிக்கின்றன. இவற்றுள் மிக வலிமையானது கடைசியாகச் சொன்னது. ஆனால் வெட்டி எடுத்த பகுதியை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அதை உறுதியாகச் சொல்ல முடியும். அறுவைக்கு முன் தெரிந்திருந்தால் முடிவையே மாற்றக்கூடிய ஒரு செய்தி, அறுவைக்குப் பின்னரே கிடைக்கிறது என்பது இந்தத் துறையின் தீராத சிக்கல். ஸ்கேன் படத்தில் கட்டியின் விளிம்பு ஒழுங்கற்றிருப்பது போன்ற அடையாளங்களிலிருந்து அதை ஊகிக்கும் முயற்சிகள் தொடர்கின்றன.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வருவது பெரும்பாலும் புதிய புற்றுநோய். நிலம் அதேதான் என்பதால் வேறொரு விதை முளைக்கிறது. இதைக் கணிப்பவை கட்டியின் குணங்கள் அல்ல, கல்லீரலின் குணங்கள்: சிரோசிஸின் தீவிரம், வைரஸ் அடங்கியிருக்கிறதா, மது நின்றதா என்பவை. ஹெபடைடிஸ் பி உள்ளவர் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடர்வது இந்த வாய்ப்பைக் குறைக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால் மீண்டும் சிகிச்சை செய்ய இடமிருக்கிறது.

கல்லீரல் மாற்று சிகிச்சை செய்துவிட்டால் இந்தக் கணிப்புகள் தேவையில்லையா?

புற்றுநோயையும் சிரோசிஸையும் ஒருசேர நீக்குவது அதுதான் என்பதால், மிச்சக் கல்லீரல் தாங்குமா என்ற கேள்வி மறைந்துவிடும். புற்றுநோய் திரும்புமா என்ற கேள்வி மறையாது. இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் 1996-ல் வகுத்த அளவுகோலின்படி, 5 செ.மீ.க்கு மிகாத ஒரே கட்டி, அல்லது தலா 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை, இரத்தக் குழாய்களில் பரவாமல் இருந்தால் மாற்று சிகிச்சை நல்ல பலன் தரும். அவர்கள் ஆய்வில் நான்கு ஆண்டு உயிர்வாழ்வு 75 சதவீதம். தானமாகக் கிடைக்கும் கல்லீரல் குறைவு, காத்திருக்கும் காலத்தில் கட்டி வளரலாம், வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து வேண்டும் என்பவை மறுபக்கம். 2 செ.மீ.க்கு மிகாத சிறு கட்டிக்கு, வெப்பத்தால் பொசுக்கும் சிகிச்சையும் அறுவைக்கு நிகரான வழியாகக் கருதப்படுகிறது. உயர் அழுத்தம் உள்ளவருக்கு அது பல சமயம் மேலான தேர்வு.

"ஆபத்து 5 சதவீதம்" என்று சொன்னால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

உங்களைப் போன்ற நூறு பேருக்கு இந்த அறுவையைச் செய்தால் ஐந்து பேருக்கு அந்தத் தீங்கு நேரும் என்பது அதன் பொருள். அந்த ஐந்து பேரில் நீங்கள் ஒருவரா என்பதை அந்த எண் சொல்லாது.

எந்தக் கணிப்பு முறையையும் இரண்டு வகையில் சோதிக்க வேண்டும். அதிக ஆபத்துள்ளவரையும் குறைந்த ஆபத்துள்ளவரையும் சரியாக வரிசைப்படுத்துகிறதா என்பது ஒன்று. 10 சதவீதம் என்று அது சொன்ன நோயாளிகளில் உண்மையிலேயே பத்தில் ஒருவருக்குத்தான் நேர்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதில் தேறிய பல முறைகள் இரண்டாவதில் தவறுகின்றன. ஒரு நாட்டில் ஹெபடைடிஸ் பி நோயாளிகளைக் கொண்டு உருவாக்கிய சூத்திரம், இன்னொரு நாட்டில் கொழுப்புக் கல்லீரல் நோயாளிகளுக்கு அப்படியே பொருந்தாமல் போகிறது.

இன்னொரு நுட்பமான குறையும் உண்டு. இந்த முறைகள் எல்லாம் அறுவை செய்யப்பட்டவர்களின் தரவிலிருந்து பிறந்தவை. மருத்துவர் பார்த்தவுடனே வேண்டாம் என்று அனுப்பிவிட்டவர்கள் அந்தத் தரவில் இல்லை. ஆகவே விளிம்பில் இருப்பவருக்கு அவை காட்டும் ஆபத்து உண்மையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். செயற்கை நுண்ணறிவு கொண்டு கட்டிய புதிய மாதிரிகளுக்கும் இது பொருந்தும்.

அறுவைக்கு முன் நோயாளி தன் பங்குக்கு என்ன செய்யலாம்?

மதுவை முழுமையாக நிறுத்த வேண்டும். வைரஸ் இருந்தால் மருந்தைத் தொடங்க வேண்டும். சிரோசிஸ் என்றால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை தவறு. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. இரவு முழுவதும் வெறும் வயிற்றோடு இருந்தால் உடல் தன் தசையையே உடைத்து எரிக்கும் என்பதால், படுக்கும் முன் சிறிது உண்பது நல்லது. நாள்தோறும் நடப்பது தசையைக் காக்கும். வலிநிவாரணி மாத்திரைகளைத் தானாக வாங்கி உட்கொள்வது சிறுநீரகத்தைக் கெடுத்துக் கணக்குகள் அனைத்தையும் மாற்றிவிடும்.

அறுவை முடிந்தபின் கணிப்பு சரியாக இருந்ததா என்பது எப்போது தெரியும்?

முதல் இரண்டு மூன்று நாள்கள் பிலிரூபினும் ஐ.என்.ஆரும் ஏறுவது இயல்பு. பார்க்க வேண்டியது ஐந்தாம் நாள். அன்றைக்கோ அதற்குப் பின்னரோ இரண்டும் இயல்பை மீறி உயர்ந்தே இருந்தால், 2011-ல் பன்னாட்டு அறுவை மருத்துவர் குழு வகுத்த வரையறைப்படி அது கல்லீரல் செயலிழப்பு. அதில் ஆய்வக எண்களோடு நின்றுவிடுவது முதல் படி, மருந்து மாற்றங்கள் தேவைப்படுவது இரண்டாம் படி, உடலுக்குள் மீண்டும் தலையிட வேண்டியிருப்பது மூன்றாம் படி. பாரிஸ் மருத்துவர்கள் 2005-ல் சொன்ன எளிய விதி இன்னும் கடுமையானது: ஐந்தாம் நாள், இரத்த உறைவுத் திறனைக் காட்டும் புரோத்ராம்பின் அளவு 50 சதவீதத்துக்குக் கீழும், பிலிரூபின் ஏறத்தாழ 3 மி.கி.க்கு மேலும் இருந்தால், அவர்கள் பார்த்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. அந்த நோயாளிகளில் பலருக்குச் சிரோசிஸ் இல்லை என்பதால், சிரோசிஸ் உள்ளவரிடம் இந்த எல்லையை எட்டும்வரை காத்திராமல் முன்பே விழித்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பின்னும் மூன்று மாதங்கள் கவனம் தேவை. வயிறு உப்புதல், கால் வீக்கம், கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், காய்ச்சல், பகலில் தூங்கி இரவில் விழித்திருத்தல், பேச்சில் தடுமாற்றம், கறுத்த மலம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அடுத்த பரிசோதனை நாள் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பகல் தூக்கத்தையும் பேச்சுத் தடுமாற்றத்தையும் நோயாளி தானாக உணரமாட்டார். உடனிருப்பவர்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.